கசெற்றின் மற்றப் பக்கம்

இல்ஃபோர்ட், லண்டன்
05.01.1992

அஞ்சலீனா மச்சாளுக்கு,

பாலன் பிறப்பும் போய்ப் புது வருடமும் பிறந்துவிட்டது. உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபம் ஆறவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். ஆறாவிட்டாலும் பரவாயில்லை, இதை முழுதாக வாசியுங்கள்.

இங்கே எங்கள் கோயிலுக்கு வருகிற மரியநாயகி அக்கா வருகிற கிழமை கொழும்புக்கு வருகிறா. ஆறு மாதம் நிற்பாவாம். மாமிக்கு ஒரு மூக்குக் கண்ணாடியும் இரண்டு சீலையும் ஒரு கசெற்றும் கொடுத்துவிடுகிறேன். மாமிக்கு எழுத்து வாசிக்க ஏலாதே, அதனால் அவவுக்கான கடிதத்தைப் பேசியே அனுப்புகிறேன். அண்ணை வீட்டில் எனக்குத் தந்த சின்ன அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினது. பிள்ளைகளின் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இவரை ஆமி பிடித்துக்கொண்டு போய்ப் பதினேழு மாதம். செஞ்சிலுவைக்கு ஒன்பது கடிதம் போட்டுவிட்டேன், இந்தப் பகுதி எம்.பி.க்கு இரண்டு. எல்லாவற்றுக்கும் விசாரிக்கிறோம் என்று ஒரே பதில். நான் அங்கே வந்து தேடவும் வழியில்லை. பாஸ்போர்ட் ஹோம் ஒபிஸில் கிடக்கிறது. அகதிக் கேஸ் முடியுமுன் இந்த நாட்டைவிட்டுப் போனால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள், வந்தாலும் உங்கள் வாசலுக்கு வந்து சேருவேனா என்பது நிச்சயமில்லை. நான் முன்னுக்கு வந்தால் ஆறு மாதத்தில் இவரையும் எடுப்பிக்கலாம் என்று அண்ணை சொன்னதை நம்பித்தான் வெளிக்கிட்டேன். 'உன்னிடம் வருவதற்காகப் பாஸ்போர்ட்டுக்குக் கையெழுத்து வாங்கப் போன இடத்தில்தானே என் தம்பி அகப்பட்டான்' என்று நீங்கள் எழுதினீர்கள். அதை நான் மறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அதோடுதான் எழும்புகிறேன்.

வக்கீல் ஒரு படிவம் தந்திருக்கிறார். மணமானவரா, விதவையா, ஒரு கட்டத்தில் கோடு போடு என்கிறார். இரண்டுக்கும் நடுவில் கட்டம் இல்லையோ என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. படிவம் என் பெட்டிக்குள் கிடக்கிறது.

வேறு புதினம் இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் வேலை முடிய கவுன்சில் நடத்துகிற ஈவினிங் கிளாஸ் ஒன்றுக்குப் போகிறேன். இங்கிலீஷ் படிக்க. மாமியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெர்னடெற்


பேசாலை, மன்னார்
20.03.1992

பெர்னடெற்,

நீ சொல்லாமல் சொன்னது எங்களுக்கு விளங்கிவிட்டது.

கசெற் மாசி நடுவில் ஓர் ஆளின் கையில் வந்து சேர்ந்தது. பற்றறி நாலும் அயலில் இரவல் வாங்கிப் போட்டோம். அம்மா, நான், பக்கத்து வீட்டுக் கத்தரின், மூன்று பேரும் இருந்து கேட்டோம். ஒரு பக்கம் முழுக்க நீ சுகம் விசாரித்தாய், குளிரைச் சொன்னாய், செஞ்சிலுவையைச் சொன்னாய். முடிந்ததும் நிற்பாட்டப் போனேன். 'மற்றப் பக்கத்தையும் போடு, பிள்ளை இன்னும் ஏதும் சொல்லியிருப்பாள்' என்று அம்மா சொன்னா. போட்டேன்.

அந்தக் குரலை எப்படி எழுதுவது? முதலில் வார்த்தையே இல்லாத ஒரு இழுவை. பிறகு ஏதோ சொல்கிறாய், ஒன்றும் பிடிபடவில்லை, அப்படித் தொண்டை அடைக்கிறது. நடுவில் உடைந்து குழறுகிறாய். யாரோ ஒரு பெண் பக்கத்தில் நின்று ஏதோ சொல்கிறாள். திரும்பவும் தொடக்கத்திலிருந்து இழுக்கிறாய். அம்மா மூன்று தரம் போடச் சொன்னா. மூன்றாம் தரம் முடிய எழும்பிப் போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்து, 'அவளுக்கு அறிவிச்சுப்போட்டாங்கள். எங்களுக்குச் சொல்ல அவளுக்கு வாய் வரேல்லை' என்றா.

எங்கள் ஊரில் சாவுச் செய்தியை யார் நேரே சொல்கிறார்கள்? அப்பு செத்தபோது எனக்கு வந்த தந்தியில் 'கடும் சுகயீனம், உடன் வரவும்' என்றுதான் இருந்தது. தந்தியைக் கண்ட உடனேயே நானும் தலையில் அடித்துக்கொண்டுதானே பஸ் ஏறினேன். நீயும் அப்படித்தான் செய்திருக்கிறாய். நல்ல பிள்ளையாகத்தான் செய்திருக்கிறாய்.

பெப்ரவரி கடைசி வெள்ளிக்கிழமை அவனுடைய ஆத்துமத்துக்கு இளைப்பாற்றிப் பூசை வைத்தோம். அம்மா வெள்ளைச் சீலை உடுத்தா. பெட்டி வைக்கிற இடத்தில் உங்கள் கலியாணப் படத்தை வைத்தோம், வேறு நல்ல படம் இல்லை. படத்தில் நீயும் நிற்கிறாய் என்று கத்தரின் பூமாலையை உன் பக்கமாகத் தொங்கவிட்டு உன்னை மறைத்தாள்.

அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்டவள் என்று உன்னை நான் ஊரறியச் சொன்னது உண்மை. அந்தக் குழறலைக் கேட்ட பிறகு இனிச் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு நீ இதை எழுத வேண்டும். யார் சொன்னது? எப்போது? அவனை எங்கே போட்டார்களாம்?

அஞ்சலீனா


இல்ஃபோர்ட்
11.04.1992

மச்சாள்,

எனக்கு யாரும் ஒன்றும் அறிவிக்கவில்லை. முதலில் இதை விளங்கிக்கொள்ளுங்கள். இவர் செத்ததாக என்னிடம் செய்தி இல்லை. உயிரோடிருப்பதாகவும் இல்லை. தையில் எப்படி இருந்தேனோ அப்படியேதான் இருக்கிறேன்.

நீங்கள் கேட்டது ஒப்பாரி இல்லை, ருமேனியாப் பாட்டு. செவ்வாய்க்கிழமை கிளாஸ் இங்கிலீஷ் கிளாஸ் இல்லை, பாட்டுக் கிளாஸ். புருசனைக் காணவில்லை, இவள் லண்டனில் பாட்டுப் படிக்கிறாளாம் என்று கதைப்பார்களே என்ற பயத்தில் பொய் எழுதினேன். அந்தப் பொய் இப்படி வந்து முடியும் என்று கண்டேனா?

ஆஸ்பத்திரி லோண்டரியில் என்னோடு வேலை செய்கிறவள் வியோரிகா. ருமேனியாவின் வடக்கு மலைப் பக்கத்துக்காரி, என் வயதுதான் இருக்கும். ஒரு படுக்கை விரிப்பின் இரண்டு முனை அவள் கையில், இரண்டு முனை என் கையில். நடந்து வந்து கையோடு கை சேர்த்து மடிக்க வேண்டும். ஒரு ஷிப்டுக்கு நானூறு விரிப்பு. மடிக்கும்போது அவள் வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டிருப்பாள். போன வருடம் பெரிய வெள்ளிக்கு முதல் நாள், என்னை அறியாமல் நானும் பசாமில் ஒரு அடியை இழுத்துவிட்டேன். தபசுகாலத்தில் நம் கோயிலில் யேசுவின் பாடுகளை இழுத்து இழுத்துப் படிக்கிறது நான்தானே, வாய் பழகியது. அவள் விரிப்பைக் கீழே போட்டுவிட்டு, அதை இன்னொரு தரம் பாடு என்றாள். அப்படித்தான் தொடங்கியது, அந்தச் செவ்வாய்க்கிழமை கிளாஸை நடத்துகிறதும் அவள்தான்.

அவர்களின் பாட்டுக்கு டொய்னா என்று பேர். தாளம் கிடையாது. நம் விருத்தம் மாதிரி மூச்சுள்ளவரை இழுக்கலாம். இழுக்கிற இழுப்பில் தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்க வேண்டும், அதை அவர்கள் முடிச்சு என்கிறார்கள். அழுகிறவளுக்குக் குரல் அடைக்குமே, அதேதான், ஆனால் அழாமல் செய்ய வேண்டும். எனக்கு முடிச்சு ஒரு மாதத்தில் வந்துவிட்டது. அழாமல் இருக்கத்தான் வரவில்லை. நீங்கள் கேட்ட அந்த இடத்தில் உடைந்துபோனேன். பக்கத்தில் பேசுகிறது வியோரிகா. அவள் ஆறுதல் சொல்லவில்லை. அழுதால் பாட்டு நின்றுபோகும், திரும்பத் தொடங்கு என்று ஏசுகிறாள்.

பாட்டின் பொருளையும் சொல்கிறேன். புருசனைப் பட்டாளத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெண்சாதி அவன் போன பாதையோடு கதைக்கிறாள். பாதையே, உன்மேல் புல் முளைக்க விடாதே, அவர் திரும்பி வர அடையாளம் வேண்டும் என்கிறாள். மச்சாள், அது காத்திருக்கிறவளின் பாட்டு. செத்தவர்களுக்குப் பாடுகிற பாட்டும் அவர்களிடம் இருக்கிறது, நம் பிலாக்கணம் மாதிரியே. அதையும் சொல்லித் தா என்று ஒருநாள் கேட்டேன். வியோரிகா மாட்டேன் என்றுவிட்டாள். சாவு விழாத வீட்டில் அதைப் பாடினால் சாவைக் கூப்பிடுகிற மாதிரியாம். ருமேனியாக்காரிக்குத் தெரிந்தது பேசாலையில் உங்களுக்குத் தெரியாமல் போனதே.

பயிற்சிக்காகப் பதிந்த கசெற்றில் ஒரு பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் மாமிக்குப் பேசினேன். மற்றப் பக்கத்தை அழிக்க மறந்தது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்னை ஒரு வார்த்தை கேளாமல் என் புருசனுக்கு எப்படிப் பூசை வைத்தீர்கள்? ஒரு தந்தி அடிக்க ஏலாமல் போய்விட்டதா? என் கலியாணப் படத்தில் என்னையே பூமாலை போட்டு மறைத்திருக்கிறீர்கள். வாசித்துவிட்டு எனக்கு எரிந்த எரிச்சலை எழுதினால் தாள் தாங்காது.

மாமியிடம் சொல்லுங்கள். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே சொல்லுங்கள்.

பெர்னடெற்


பேசாலை
02.06.1992

பெர்னடெற்,

முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்திருக்கிறாய், அதையும் ஒரு வருடம். சரி, அது கிடக்கட்டும்.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை.

பூசைக்கு முதல் அம்மா எப்படி இருந்தா என்று உனக்குத் தெரியாது. நீ அங்கே, நான்தானே இங்கே. விடிய எழும்பி வாசல் படலையடியில் போய் இருப்பா. வாகனச் சத்தம் கேட்டால் எழும்புவா, போனதும் இருப்பா. மத்தியானம் அவனுக்கு ஒரு கோப்பையில் சோறு போட்டு மூடி வைப்பா, பின்னேரம் அதைத் தான் தின்னாமல் நாய்க்குக் கொட்டுவா. இரவில் நித்திரை கிடையாது. இப்போது படுத்தால் நித்திரை கொள்கிறா. மீன் வாங்கி வரச் சொல்கிறா. போன கிழமை ஒரு கோழிக்காகக் கத்தரினோடு வேலியில் நின்று சண்டை பிடித்தா. பதினெட்டு மாதம் யாரோடும் சண்டை பிடிக்காத மனுசி. நான் அடுப்படியில் நின்று ஆண்டவருக்குத் தோத்திரம் சொன்னேன்.

அந்த மனுசியிடம் போய், அது பாட்டு அம்மா, நீங்கள் திரும்பப் படலையடியில் போய் இருங்கள் என்று சொல்லச் சொல்கிறாயா? என்னால் ஏலாது.

இன்னொன்றும் எழுதுகிறேன், வாசித்துவிட்டுக் கிழித்துப்போடு. அது நம் பாஷை இல்லை என்று எனக்கு முதல் தரமே விளங்கியது. அம்மாவுக்குக் காது மந்தம். கத்தரின் அழுதுகொண்டிருந்தாள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். உனக்குத் தந்தி அடித்துக் கேட்கலாம் என்று தபாற்கந்தோர் வரையும் போனேன். வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அப்படி ஒன்றும் இல்லை என்று நீ பதில் போட்டுவிடுவாயோ என்று பயந்தேன். ஒவ்வொரு முகாம் வாசலிலும் அவன் படத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது நான். எனக்கும் ஒருநாள் வாய்விட்டுக் குழறி முடிக்க வேண்டியிருந்தது.

நீ பசாம் படிக்கிறபோது மாதாவாகவா இருந்தாய்? யாரோ பெற்ற பிள்ளைக்காக நீ அழுதாய், கோயிலே அழுதது. பிறகு எல்லாரும் வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்தோம். அப்படித்தான் இதுவும் என்று வைத்துக்கொள். நீயும் ஒருவருக்கும் சொல்லாதே. மன்றாடிக் கேட்கிறேன்.

அஞ்சலீனா


இல்ஃபோர்ட்
22.11.1992

மச்சாள்,

ஐந்து மாதமாக எழுதாததற்குக் கோபம்தான் காரணம். இப்போது கோபம் இல்லை.

உங்கள் பூசை லண்டனுக்கும் வந்துவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலுமா? ஆடியில் மரியநாயகி அக்கா திரும்பி வந்தா, எங்கள் கோயில் பங்கு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஞாயிறு பூசை முடிய பெண்கள் சோற்றுப் பார்சலோடு அண்ணையின் பிளாட்டுக்கு வரத் தொடங்கினார்கள். இல்லை, அப்படி ஒரு செய்தியும் இல்லை என்று நான் சொல்லச் சொல்ல, 'பாவம், அவளுக்கு மனம் ஏற்குதில்லை' என்று என்னை இன்னும் இறுக்கிக் கட்டிப்பிடித்தார்கள். கடைசியில் மறுப்பதை விட்டுவிட்டேன். களைத்துப்போனேன், மச்சாள்.

போன சனிக்கிழமை பின்னேரம் எங்கள் கிளாஸ்காரர் இங்கே ஒரு கோயில் மண்டபத்தில் பாட்டு நிகழ்ச்சி வைத்தோம். வெள்ளைக்காரர் முப்பது பேர் வரை இருந்தார்கள். பின்வரிசையில் நம் பங்குப் பெண்கள் ஒன்பது பேர், எல்லார் கையிலும் கண் துடைக்க லேஞ்சி. வியோரிகா மூன்று பாட்டுப் பாடினாள். பிறகு என் முறை.

அந்தப் பாட்டைத் தனக்குத்தானே பாட வேண்டும். மலையில் ஆடு மேய்க்கிறவள் ஒருவரும் கேட்கவில்லை என்று நினைத்துப் பாடுகிற மாதிரி. ஒரு வருடமாக வியோரிகா எனக்குச் சொன்னது அதுதான். பசாம் படித்தவளுக்கு அதுதான் கஷ்டம், நமக்குக் கோயில் அழ வேண்டும், அழாவிட்டால் படித்தது சரியில்லை. நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி தொடங்கினேன். முதல் முடிச்சு விழுந்ததுமே பின்வரிசையில் விசும்பல் கேட்டது. மூன்றாம் அடியில் மரியநாயகி அக்கா எழும்பினா. நேரே முன்னுக்கு வந்து, செத்தவீட்டில் வருகிற மாதிரியே என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, 'என்ர ராசாத்தி, உன்னைத் தனிய விட்டிட்டுப் போட்டானே' என்று தொடங்கிவிட்டா. மற்ற எட்டுப் பேரும் பின்னால் வந்து சூழ்ந்துவிட்டார்கள். வெள்ளைக்காரர் இதுவும் நிகழ்ச்சியில் உள்ளதுதான் என்று நினைத்து ஆடாமல் அசையாமல் இருந்தார்கள்.

நான் நிற்பாட்டவில்லை. சுற்றிவர அவர்கள் தமிழில் அழ, நடுவில் நான் ருமேனியப் பாஷையில் பாதையோடு கதைத்துக்கொண்டிருந்தேன். முதல் தடவையாகக் கடைசி அடி வரைக்கும் போனேன். என் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. என் பங்கையும் அவர்கள் அழுதார்கள்.

பிறகு தேத்தண்ணிக் கோப்பை கழுவுகிற இடத்தில் வியோரிகாவிடம் மன்னிப்புக் கேட்டேன். தொடக்கத்திலிருந்து முடிவு வரை எல்லாம் பிழை என்றாள். பிறகு கோப்பையைத் துடைத்தபடியே தன் கதையைச் சொன்னாள். அவளுடைய தாய் செத்தபோது பழைய அரசாங்கம் அவளை ஊருக்குள் விடவில்லையாம். அன்றைக்கு இரண்டு ஷிப்ட் வேலை செய்தாளாம். தனக்காக ஒருத்தியும் அப்படி எழும்பி வரவில்லை என்றாள்.

மச்சாள், அன்றைக்குத்தான் இவர் எனக்குச் செத்தார். வீட்டுக்கு வந்து தாலியைக் கழற்றி வைத்தேன். வக்கீலின் படிவத்தில் விதவை என்ற கட்டத்தில் கோடு போட்டுக் கையெழுத்தும் வைத்துத் தபாலில் சேர்த்தேன். பிறகு ஒன்பது மணித்தியாலம் நித்திரை கொண்டேன். மாமி நித்திரை கொள்கிறா என்று நீங்கள் எழுதியது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

மறைக்காமல் இன்னொன்றையும் எழுதுகிறேன். லண்டனின் சட்டன் பக்கத்தில் யேசுரட்ணம் என்று ஒருவர், மனைவியை நோயில் இழந்தவர். அண்ணை அவரை எனக்குக் கலியாணம் பேசுகிறார். அன்று மண்டபத்துக்கும் கூட்டி வந்திருந்தார். 'பாட்டு எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஆனா எழும்பிப் போகவும் மனம் வரேல்லை' என்று அந்த மனுசன் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் அண்ணையிடம் ஓம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. உங்களுக்கு இது நெஞ்சில் குத்தும் என்று தெரியும். ஏச விரும்பினால் ஏசுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

பெர்னடெற்


பேசாலை
03.02.1993

பெர்னடெற்,

உன் கடிதத்துக்கு ஏசி எழுதத் தாள் எடுத்து வைத்திருந்தேன். அதற்கிடையில் இது.

போன ஞாயிறு வவுனியாவிலிருந்து சபாரத்தினம் என்று ஒரு பொடியன் வந்தான். விடுதலையாகி மூன்று கிழமையாம். தெற்கில் ஒரு முகாமில் நம் தம்பியை உயிரோடு கண்டவனாம். ஒரே கூடத்தில் படுத்தார்களாம். அடையாளம் எல்லாம் சரியாகச் சொல்கிறான். முழங்காலில் மீன்முள் வெட்டின தழும்பு. கதைக்கும்போது இடது காதைப் பிடிக்கிற பழக்கம். பெண்சாதி லண்டனில், பேர் பெர்னடெற், நன்றாகப் பசாம் படிப்பாள் என்று சொல்வானாம். கண்டது 1991 மாசியில். அதற்குப் பிறகு அவனை வேறு இடத்துக்கு மாற்றினார்களாம். எங்கே என்று அந்தப் பொடியனுக்குத் தெரியாது.

அம்மா அன்றைக்கே வெள்ளைச் சீலையைக் கழற்றி எறிந்துவிட்டா. சுவாமியாரின் வீட்டுக்குப் போய், 'செத்தவங்கட புத்தகத்தில இருந்து என்ர பிள்ளையின்ர பேரை வெட்டுங்கோ' என்று அடம்பிடித்து நின்றா. சுவாமியார் வெட்டிய பிறகுதான் வந்தா. இப்போது விடிந்தால் படலையடி. சோறும் போட்டு மூடி வைத்தாயிற்று.

நீ தாலியை எடுத்துக் கழுத்தில் போடு. அந்தச் சட்டன் மனுசனுக்கு இல்லை என்று சொல். படிவத்தைத் திருத்து. என் தம்பி வந்து நிற்கும்போது அவன் பெண்சாதி அவன் பெண்சாதியாக இருக்க வேண்டும்.

அஞ்சலீனா


இல்ஃபோர்ட்
27.02.1993

மச்சாள்,

வேலைக்கு வெளிக்கிடும்போது உங்கள் கடிதம் வந்தது. பஸ்ஸுக்குள் வாசித்தேன். இறங்குகிற தரிப்பைத் தாண்டி நாலு தரிப்புப் போய்விட்டேன்.

சொன்னதெல்லாம் செய்தேன். தாலி கழுத்தில் கிடக்கிறது. யேசுரட்ணத்துக்கு நானே போன் எடுத்துச் சொன்னேன். அவர், 'சரி பிள்ளை, நல்ல செய்திதானே' என்று மட்டும் சொன்னார். படிவத்தைத் திருத்துவதுதான் லேசாக இல்லை. புருசன் செத்தார் என்று கையெழுத்து வைத்துவிட்டு இப்போது இருக்கிறார் என்றால், இதில் எது பொய் என்று கேட்பார்களாம், என் கேஸ் முழுவதையுமே நம்ப மாட்டார்களாம். இவர் நாளைக்கே வந்தாலும், செத்தவர் என்று நானே எழுதிக் கொடுத்தவரை நான் இங்கே எப்படிக் கூப்பிடுவது என்று வக்கீல் கேட்கிறார். ஆனாலும் எழுதிப் போடச் சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை கிளாஸுக்கும் போனேன். வியோரிகா அந்தப் பாட்டைத் தொடங்கச் சொன்னாள். வாய் திறக்கவில்லை. காத்திருக்கிறவளின் பாட்டைக் காத்திருக்கிறவளால் பாட ஏலாது போல இருக்கிறது. அவள் வற்புறுத்தவில்லை, என்னை விட்டுவிட்டு மற்றவர்களைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்தப் பொடியன் இவரைக் கண்டது இரண்டு வருடத்துக்கு முந்தி. நீங்கள் பூசை வைக்க ஒரு வருடத்துக்கு முந்தி. அதற்குப் பிறகு? மாமிக்கு அவ்வளவும் போதும். எனக்கு அது ஒரு செய்தியும் இல்லை, தள்ளிவிடவும் ஏலாது. தள்ளினால் நான் மனிசியே இல்லை.

மச்சாள், உயிரோடு கண்டவனாம் என்ற வரியை வாசித்ததும் என் வாயில் முதல் வந்தது தோத்திரம் இல்லை. 'ஐயோ, திரும்பவுமா' என்றுதான் வந்தது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி திரும்பிப் பார்த்தாள், அவ்வளவு சத்தமாக வந்தது. நான் இவரை விரும்பிக் கட்டினவள். அந்த ஒரு சொல்லுக்காகப் பத்து நாளாகப் பூசையில் நன்மை எடுக்கவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலில் நின்றும் அதை மட்டும் சொல்லாமல் எழும்பி வந்துவிட்டேன். உங்களுக்குத்தான் சொல்கிறேன். வேறு யாருக்கு விளங்கும்?

அந்தப் பொடியன் உங்கள் முற்றத்தில் நின்று சொன்னபோது உங்கள் வாயில் முதல் வந்தது என்ன? அதை மட்டும் எழுதுங்கள். மாமிக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

பெர்னடெற்